ஓர் இஞ்சுக்கு நாற்பது அடி

வளைகாப்பு அட்டை அறுபது, ஞாயிற்றுக்குள்.
ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய தாள்கட்டு
ஒரு மூலையில் நசுங்கியிருந்தது.
நசுங்கிய தாளை ஆர்டருக்குப் போட முடியாது,
எறியவும் மனசு வராது.
அதுதான் இந்த ஆல்பம்.

நாலுக்கு நாலு இஞ்சு. உள்ளங்கையில் உட்காரும்.
அர்த்தநாரி ரிக் வண்டியோடு போன ஊரெல்லாம்
இதற்குள் மடிந்தாக வேண்டும்:
எட்டு மாசம், பதினோரு டோல்கேட் ரசீது,
ராய்ச்சூர் லாட்ஜின் சாவி அட்டை
(திருப்பித் தர மறந்துவிட்டதாம்),
ஜக்தல்பூரில் பொரி கட்டிக் கொடுத்த
புரியாத எழுத்து மஞ்சள் தாள்.

போட்டோ அனுப்புங்க என்றால்
போர் அனுப்புகிற மனுசன்.
நாற்பத்தோரு படம். நடுவில் குழாய்,
பீறிட்டு ஏறும் சேற்றுத் தண்ணி,
சுற்றிலும் அண்ணாந்த வாய்கள்.
முண்டாசை வைத்துத்தான் ஊரைப் பிரிக்கிறேன்.
"உங்களை எதுலயும் காணமுங்களே?"
"எடுத்ததே நாந்தானே, அம்முணி."
கடைசியில் ஒன்றில் நிழல் சிக்கியது,
ஈர மண்மேல், கையிரண்டும் முகத்துக்கு உயர்ந்து.
சின்னக் கத்தரியால் அதை மட்டும் வெட்டினேன்.
முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இருந்த
முக்கோண வெளிச்சத்தைக் குடைந்தெடுக்க
அரை மணி நேரம்.

போன தடவை ஜிப் கவர்களில் பாறைத்தூள் வந்தது,
ஊருக்கு ஒரு சிட்டிகை.
குலுக்கும் அட்டைக்கு ஒளிபுகும் ஷீட்டில்
ஜன்னல் வைத்து ஜிகினா அடைப்பேனே,
அதே ஜன்னலில் தூளை அடைத்தேன்.
குலுக்கினால் எதுவும் மினுங்கவில்லை.
போர் போடும் தெருவில் காயப்போட்ட துணி போல
ஜன்னலே மங்கிப்போனது.
விரலால் சுண்டினால் மெல்லத் தெளிகிறது,
முதலில் சாம்பல், அப்புறம் அந்தச் சிவப்பு.

ஒரு ரசீதுக்கு மட்டும் படமில்லை.
கொப்பளுக்குத் தெற்கே, தொள்ளாயிரத்து அறுபது அடி,
மேனேஜர் கையெழுத்தில் 'தண்ணி இல்லை'.
விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் இருந்தேன்.
பிறகு ஸ்கேலை எடுத்தேன்.
ஓர் இஞ்சுக்கு நாற்பது அடி.
மூன்று துண்டு ஒட்டி இருபத்து நாலு இஞ்சுப் பட்டை,
விசிறி மடிப்பு, மடிப்புக்கு மடிப்பு நகத்தால் அழுத்தி,
பைக்குள் சொருகி, வெளியே ஒரு ரிப்பன் வால்.

மழை பிடித்தது. சங்ககிரி ரோட்டோரம்
வண்டிகள் வரிசையாக வந்து நின்றன.
தலை ஈரத்தோடு சேரில் உட்கார்ந்து புரட்டினார்.
"என்ற காது இத்தனை பெருசா?"
பொரித்தாளை மோந்து பார்த்தார்.
ரிப்பனை இழுத்தார்.
பட்டை மடி தாண்டி, முழங்கால் தாண்டி,
இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது.

சிரிப்பு நின்றுவிட்டது.
"அளவு என்ன வெச்ச?"
சொன்னேன்.
மடிப்புகளைக் கட்டை விரலால் எண்ணினார்,
ராடு எண்ணுகிற மாதிரி, உதடசைய.
"ஓர் இஞ்சு கொறையுது."
"ரசீதுல தொள்ளாயிரத்து அறுபதுதானுங்க."
"ரசீதுல அப்படித்தான் இருக்கும்."

ஃபேன் சுற்றியது.
"அந்தாளு இன்னும் ஒரே ஒரு ராடுன்னான்.
போட்டேன். மறுபடியும் ஒண்ணுன்னான்.
மேனேஜர் டீக்குப் போயிருந்தாரு."
"வந்துச்சுங்களா?"
"தூசி."
துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார்,
வெகு நேரம்.

பழுப்பு அட்டை தீர்ந்துவிட்டது.
வளைகாப்பு மிச்சத்தில் கிளிப்பச்சை ஒரு துண்டு கிடந்தது.
ஓர் இஞ்சு அளந்து, ரிப்பனைப் பிரித்து,
பச்சையை ஒட்டி, ரிப்பனை அதன் நுனிக்கு மாற்றினேன்.
பசை காயும்வரை அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது இழுத்தால்
பழுப்பு தரையைத் தொட்டு நிற்கிறது.
பச்சை மடங்கிப் படுத்துக்கொள்கிறது.

"ஓனரு வந்தா இதைக் காட்டிப் போடாத."