மறை ஒன்பது தசம் நான்கு

இரவு பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.
வந்தாறுமூலையில் தவளைகள் மட்டும்
வேலையை நிறுத்தவில்லை.
நாலாயிரத்து நானூறு மூலக்கூறுகளை
ஒவ்வொன்றாய் ஒரு பள்ளத்தில் இருத்திப் பார்த்த கணினி
யூ.பி.எஸ்ஸின் பன்னிரண்டு நிமிட உயிரில்
கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

லோகிதன் வந்தார், ஜெனரேட்டர்காரர்.
கழுத்தின் வலப்பக்கம் தையல் தழும்பு
இன்னும் சிவப்பு மாறவில்லை.
கயிற்றை இழுத்தார், இழுத்தார்,
மூன்றாம் இழுப்பில் பிடித்தது.
மறுகா உள்ளே வந்து திரையைப் பார்த்து நின்றார்.
"இது என்னத்தப் புடிக்கிற, மிஸ்?"

பிடிக்கிறதுக்கில்லை என்றேன்.
இரண்டு புரதம். ஒன்று காவல்.
பிழையாய்ப் பெருகும் கலத்தைக் கண்டால்
நில் என்னும்; கேளாவிட்டால்
செத்துப்போ என்னும்.
மற்றது அந்தக் காவலின் கையைப் பிடித்து
குப்பைக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும்.
நல்ல கலத்தில் அதுவும் வேண்டிய வேலைதான்,
காவல் மிஞ்சினாலும் வீடு தாங்காது.
சில கட்டிகளில் அந்தப் பிடி
அளவு மீறி இறுகிவிடுகிறது.

பூட்டுக்குச் சாவி என்றுதான் மருந்தைப் படித்தோம்.
இங்கே பூட்டில்லை.
உள்ளங்கையோடு உள்ளங்கை பொருந்திய
பரந்த வழுக்குத் தரை. எங்கே நுழைவது?
ஆனாலும் காவலின் மூன்று விரல் மட்டும்
மற்றதன் பள்ளத்தில் ஆழப் புதைகிறது.
அந்த மூன்றுக்கும் பதிலாக
குளோரின் ஏந்திய இரண்டு வளையம், ஒரு கிளை:
நான் கீறிய பொய்க்கை.
பள்ளம் பொய்யைப் பிடிக்கட்டும்,
காவல் கழன்று போகட்டும்.

யோசித்தார்.
"ஆத்துல வலை போட்டுப் புடிக்கத் தெரியும்.
புடிச்சத விட வைக்க என்னத்தப் போடுற?"
அதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை.
ஆய்வறிக்கையின் முதல் வரியை அழித்து
இதை எழுதினேன். இதையும் அழித்தேன்.

விடிய நாலரைக்கு
இருநூற்றுப் பதினேழாம் இலக்கம்
மறை ஒன்பது தசம் நான்கு என்றது.
இந்தக் கணக்கில்
எண் இறங்க இறங்க நல்லது.

மூன்று கிழமைக்கொரு செவ்வாய்
அவர் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்.
ஊசி ஏற்றுமுன் தராசில் ஏற்றுவார்கள்.
அறுபத்தொன்று.
ஐம்பத்தேழு.
ஐம்பத்திரண்டரை.
துண்டைக் காட்டி, "என்ட நம்பரும் இறங்குது மிஸ்"
என்று சிரித்தார்.
நேராய் இருந்த விசைப்பலகையை
நான் நேராக்கினேன்.

கொழும்பில் நஸ்மியா அதைச் செய்து பார்த்தாள்.
ஆறு மாதம், எட்டுப் படி,
பெருவிரல் நகத்தில் அள்ளக்கூடிய தூள்.
"வடிவான சாமான், கேதாரினி.
தண்ணியிலதான் கரையுதில்ல."

தண்ணியில் கரையாதாம்.
மேற்கே ஆறு, கிழக்கே கடல்,
கார்த்திகையில் நடு ரோட்டும் தண்ணி,
வெள்ளாமை மூழ்கி
வாசல்படியில் பனையான் துள்ளும் ஊரில் உட்கார்ந்து
தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் ஒன்றைச்
செய்து வைத்திருக்கிறேன்.

கிளையை வெட்டினேன், நைதரசன் ஒன்று வைத்தேன்.
மறை ஏழு தசம் எட்டு.
கரையும், பிடிக்காது.
வளையத்தைத் திருப்பினேன்.
பிடிக்கும், கரையாது.

எப்ப குளிசையாகும் என்று கேட்டார்.
ஆனால், பதினைந்து வருசம். ஆகாமலும் போகலாம்.
"அப்ப எனக்கில்ல,"
பஸ் போயிற்று என்று சொல்பவர் குரலில் சொன்னார்.
டீசல் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.
"அரைவாசி கிடக்கு. விடியுமட்டும் காணும்."

இன்று செவ்வாய்.
இருநூற்றுப் பதினேழின்
முப்பத்தோராம் மாற்றம் ஓடும்போது கரண்ட் போனது.
கயிறு எங்கே இருக்கிறதென்று
இப்போது எனக்கும் தெரியும்.
இருட்டில் இழுத்தேன்,
இழுத்தேன்.