டிக்கி

இருபது கொண்டை ஊசி வளைவும்
சணல் கயிற்றில் கட்டிய டிக்கியோடு
இறங்கி வந்திருந்தார் ஜெசிந்தா.
இரண்டே சீட், அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி.
உள்ளே ஒரு ஸ்டெப்னி, அரை மூட்டை மிளகு.
"திருப்பத்துக்குத் திருப்பம் இருமுது" என்றார்.

கயிற்றை அவிழ்த்தேன்.
மூடி விழுந்து என் கட்டைவிரலைக் கேட்டது.
இடது கீலில் பின்னே இல்லை.
எவனோ செருகிய நாலங்குல ஆணி
வளைந்து பல்லிளித்தது.
ஓட்டை, வட்டத்தை மறந்து
முட்டையாகியிருந்தது.

கொண்டலாம்பட்டி லேத்தில்
பித்தளை புஷ் கடைந்தேன்
மயிரிழை அதிகமாய்,
அப்புறம் அந்த மயிரிழையும் போக.
எவர்சில்வர் கம்பியில் பின்.
பிடிமானத்துக்கு ஒரு ஃபைபர் வாஷர்.

பூட்டும்போதுதான் கண்டேன்:
கிரீஸ் போக
வழியே வைக்கவில்லை செய்தவன்.
கடல் தாண்டி வந்த கெட்டிக்காரத்தனம்
இத்தனை காலமும்
வறண்டே தேய்ந்திருக்கிறது.
மூணு மில்லி டிரில்.
ஒரே துளை.

பில்லில்
பின், புஷ், வாஷர், கூலி எழுதினேன்.
துளைக்கு என்ன போடுவது?
இருந்ததை எடுத்ததற்குக்
காசு கேட்கத் தெரியவில்லை.

ஜெசிந்தா மூடியைப் பாதி தூக்கிக்
கையை எடுத்தார்.
பாதியிலேயே நின்றது.
லாரிகள் போய்க்கொண்டிருந்த ரோட்டோரம்
இருவரும் அதையே பார்த்திருந்தோம்,
மூட மனசில்லாமல்.