துடைத்த ஜன்னல்

பாராட்டு வாங்கத்தான் குல்டீகாவுக்குப் போனேன்,
ஒளிப்பானேன்.
ரீகாவில் ஒரு நிலவறையில் உட்கார்ந்து
ஏழு மாதம் அந்தப் படத்தைக் கழுவியவன் நான்.
கீறல், பூஞ்சை,
எவனோ பிலிம்மேல் வைத்துவிட்டுப் போன
தேநீர்க் கோப்பையின் வட்டம்,
எல்லாம் போயிற்று. பனி வெள்ளையானது.

உங்களுக்குக் கதை தெரிந்திருக்காது.
ஒரு குடும்பம் கடனுக்கு இரும்பு அடுப்பு வாங்குகிறது.
உறைந்த ஆற்றின்மேல் சறுக்குவண்டியில் இழுத்து வருகிறது.
வந்து பார்த்தால் வாசல் சிறிது.
கதவைக் கழற்றுகிறார்கள், பிறகு நிலையை.
அடுப்பு உள்ளே போகிறது,
கூடவே குளிரும்.
அவ்வளவுதான் படம்.
துரோகம் இல்லை, சாவு இல்லை,
முத்தம் ஒன்றே ஒன்று, அதுவும் அடுப்புக்கு.

ஐம்பத்தெட்டு வருடமாக ஆண்டின் கடைசி மாலையில்
ஊர் மன்றத்தில் அதைப் போடுகிறார்கள்.
ரூபிள் போய் லாட்ஸ் வந்து லாட்ஸும் போயிற்று.
அடுப்பு மட்டும் அதே வாசலில்
அதே கோணத்தில் மாட்டிக்கொள்கிறது.
இழுங்கள் இழுங்கள் என்று
பிறந்து இரண்டு குளிர்காலமே கண்டதுகூடக் கத்துகிறது.

நாற்பதாவது நிமிடம்.
அம்மா சூப் ஊற்றுகிறாள்,
அவள் தோளுக்குப் பின்னால் ஜன்னல்.
என் வேலையிலேயே நல்ல வேலை அந்த ஜன்னல்தான்.
பழைய பிரதியில் ஒருவன்
கம்பிச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு
அதன் வழியே நடந்து போவான்.
பாதியில் உள்ளே பார்ப்பான்,
ஐயோ என்று குனிவான்.
கதையில் அவனுக்கு இடமில்லை.
மூன்று விநாடி, எழுபத்திரண்டு சட்டகம்.
நாலு நாள் உட்கார்ந்து அவனை எடுத்தேன்.
அவன் நின்ற இடத்தில் பனி பெய்வித்தேன்.
மேலதிகாரி எனக்குக் கேக் வாங்கித் தந்தார்.

கரண்டி பானைக்குள் இறங்கியதும்
மன்றம் பேச்சை நிறுத்தியது.
என் பனியைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன்.
முந்நூறு பேர் ஒரே குரலில்
"மாலை வணக்கம், அன்சிஸ்!" என்றார்கள்.

ஜன்னலில் பனி பெய்தது.
நல்ல பனி. ஒரு பிசிறு இல்லை.

"வரலையே" என்றான் ஒரு பையன்.
யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள்.
மூன்றாம் வரிசையில் பச்சைக் கழுத்துத்துண்டு திரும்பவில்லை.
திரையைப் பார்த்தபடியே சொன்னது:
"வேலை முடிஞ்சிருக்காது.
என்னிக்கு அந்த மனுஷன் நேரத்துக்கு வந்தார்?"
அப்போது சிரித்தது மன்றம்,
நாற்காலிகள் கிறீச்சிடும்படி.
எனக்குத்தான் முடியவில்லை.

படம் முடிந்து
என்னை மேடைக்கு அழைத்துக் கைதட்டினார்கள், தாராளமாகவே.
வெல்டா என்பது அவள் பெயர்.
காகிதப் பொட்டலத்தில் சாம்பல் பட்டாணி தந்தாள்;
மீதி வைத்தால் வருகிற வருடம்
அத்தனை கண்ணீராம்.
"பனி உங்களுடையதா?"
ஆமாம் என்றேன்.
"நல்லா இருக்கு. அன்னிக்கும் இப்படித்தான் பெய்தது."
கையுறையை மாட்டிக்கொண்டே,
சாவி எங்கே வைத்தாய் என்பதுபோல் கேட்டாள்:
"அவரை எங்கே வச்சீங்க?"

பேருந்தில் மூன்று மணி நேரம்
பட்டாணியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தேன்.
அன்சிஸை நான் எங்கேயும் வைக்கவில்லை.
கணினியில் 'பிழைகள்' என்று ஓர் உறை,
அதற்குள் பூஞ்சைக்கும் தேநீர் வட்டத்துக்கும் நடுவே கிடந்தார்.

ஜனவரி இரண்டாம் தேதி நிலவறையைத் திறந்தேன்.
எடுக்க நாலு நாள் ஆனவரைத்
திரும்ப வைக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.
ஓடவிட்டேன்.
கம்பிச்சுருள், நடை, பாதியில் அந்தப் பார்வை.
இந்த வேலைக்கு யாரும் கைதட்டப்போவதில்லை,
செய்ததே தெரியாது.

மணி காலை பத்து.
மாலை வணக்கம் என்றேன்.
அவர் குனிந்துகொண்டார்.