கைப்பிடி

பன்னிரண்டு கட்டில்கள், ஒரே ஒரு கைப்பிடி.
கால்மாட்டுத் துளையில் செருகிச் சுற்றினால்
படுக்கை மேலே வரும்.
நான் சேர்ந்த மாதமே அதைக் காணோம் என்றார்கள்.
அன்றிலிருந்து கோத்தகிரி ஆண்கள் வார்டில்
அத்தனை கட்டில்களும் என் முழங்காலுக்குச் சற்று மேலே
அப்படியே நின்றுவிட்டன.
கட்டில் எழும்பாது.
ஆகவே நான் குனிகிறேன்.

ஊசிக்கு ஒரு குனிவு.
நரம்பு தேட நீண்ட குனிவு,
குளிருக்கு நரம்புகள் ஒளிந்துகொள்ளும் ஊர் இது.
மூத்திரப் பையின் அளவு பார்க்கத் தரைவரை.
கழன்ற சாக்ஸை மாட்டிவிட இன்னொன்று,
அதை எந்த ரிஜிஸ்டரிலும் எழுதுவதில்லை.
ஒரு நைட் டியூட்டியில் எண்ணிக்கொண்டே வந்தேன்,
இருநூற்றுப் பதினாறில்
ஐந்தாம் கட்டில் வாந்தி எடுத்தது. கணக்கு விட்டுப்போச்சு.

பெள்ளிராஜ் வந்தது மழை நாளில்.
குஞ்சப்பனை வளைவில் லாரி கவிழ்ந்து
தொடையெலும்பு முறிந்தவர். தொண்ணூற்றாறு கிலோ.
இரண்டு மணிக்கொரு முறை புரட்டாவிட்டால்
முதுகு புண்ணாகிவிடும், அவர் முதுகு.
கால்பக்கம் ரெஜினா, தலைப்பக்கம் நான்.
நடுவில் நிற்கவேண்டிய இரண்டு பேர்
காலிப் பணியிடங்களாக
சென்னையில் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கிறார்கள்.
"ஒண்ணு, ரெண்டு..."
மூன்று சொல்வதற்குள் என் இடுப்பில் ஏதோ
ஈர விறகு பிளப்பதுபோலச்
சத்தமில்லாமல் விலகியது.
"ரொம்ப கனமா இருக்கேனா சிஸ்டர்?"
"இல்லண்ணா. மூச்ச இழுத்து விடுங்க."

பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று
நாள் முழுக்கக் கேட்கிறவள் நான்.
சார்ட்டில் அவருக்கு ஆறு என்று எழுதினேன்.
எனக்கு அதில் கட்டம் இல்லை.

எலும்பு டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்தார்,
வெளியே மஞ்சு இறங்கி எல்லாம் வெள்ளை.
"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல வட்டு பிதுங்கியிருக்கு.
பாரம் தூக்கக் கூடாது. குனியக் கூடாது.
ரெண்டு வாரம் ரெஸ்ட்."
காண்ட்ராக்ட் வேலையில் ரெஸ்ட் என்றால்
சம்பளத்தில் பாதி. அது அவருக்கும் தெரியும்,
மாத்திரை மட்டும் எழுதினார்.
மாலையில் அவரேதான் கூப்பிட்டார்:
"சிஸ்டர், அந்த ஆக்ஸிஜன் சிலிண்டரக் கொஞ்சம் நகர்த்துங்க."

டூரிஸ்டுகள் ஊருக்கு வாங்கிப்போகும் தைலத்தை
நான் பாட்டில் பாட்டிலாகத் தேய்க்கிறேன்.
அரவேனு பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்
"ஜலதோஷமா?" என்கிறார்கள்.
ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ஆய்வு.
கைப்பிடி வந்தது!
ஸ்டோர் ரூம் பீரோவிலிருந்து, சிவப்புப் பெயின்ட் அடித்து.
தொலையவில்லையாம்.
தொலைந்துவிடக் கூடாதென்று பூட்டி வைத்திருந்தார்களாம்.
ரெஜினா சுற்றச் சுற்ற
பன்னிரண்டும் என் இடுப்பளவு எழுந்தன.

அந்த ஒன்றரை மணி நேரம்
நிமிர்ந்து நின்று ஊசி போட்டேன்.
பெள்ளிராஜின் இடது புருவத்தில் ஒரு தழும்பு.
மூன்று வாரமாக நான் துடைத்த முகம்,
இப்போதுதான் பார்க்கிறேன்.
அதிகாரி ரிஜிஸ்டரைப் புரட்டினார், டீ குடித்தார்,
வருக்கியில் பாதி கடித்து வைத்தார். ஜீப் இறங்கியது.
உயரத்தில் விட்டால் ராத்திரி விழுந்துவிடுவார்கள் என்று
கட்டில்களை இறக்கிவிட்டு
கைப்பிடி மறுபடி பீரோவுக்குப் போனது.

சனிக்கிழமை சம்சுதீன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.
மாத்திரை அட்டையில் துளையின் அளவை
பேனாவால் வரைந்து வைத்திருந்தேன்.
கம்பியைக் காய்ச்சினார், வளைத்தார்,
முனையைச் சதுரமாகத் தேய்த்தார்.
"எந்த வண்டிக்கு சிஸ்டர்?"
"கவர்மென்ட் வண்டி."
முந்நூற்றைம்பது ரூபாய்.

இப்போது அது என் பையில் இருக்கிறது,
டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவே.
வார்டில் வைத்தால் பீரோவுக்குப் போய்விடும்,
அதனால் தினமும் என்னோடு வந்து என்னோடு திரும்பும்.
ஒன்றரைக் கிலோ.
பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.
தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு
பஸ் ஸ்டாண்டு மேட்டில் ஏறுகிறேன்.