மிதி, பிடி, விடு

உர்கியோலா கணவாய் இறக்கத்தில்
மூன்றாவது வளைவு தாண்டியதும்
பிரேக் மிதி பஞ்சாய்ப் போனது.
கருகிய வாடை.
பின்னிருக்கையில் பிள்ளைகளுக்கு
ஜன்னல் பக்கம் யாருக்கென்று சண்டை.
கோல்டோ இரண்டாம் கியருக்கு இறக்கினான்,
ஒன்றும் சொல்லவில்லை.
நானும்தான்.

அடுத்த வாரம் பெட்டிகள் வந்தன:
இதே காரில் பெரிய எஞ்சின் வாங்கியவனுக்குப் போடும் டிஸ்க்,
கம்பி பின்னிய குழாய்,
கோடை விடுமுறைக் காசில் பாதி.
பழைய சக்கரம் புது காலிப்பரில் இடித்தது.
சக்கரமும் வாங்கினோம்.
டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி இனி
முன்பக்கத்துக்கு ஆகாது.
பரவாயில்லை என்றான்.

சனிக்கிழமை, மழை, கராஜ்.
உள்ளே நான், வெறுங்காலோடு.
கீழே அவன், காலி ஜாம் பாட்டிலோடு.
"மிதி."
மிதித்தேன்.
"பிடி."
அவன் திருகைத் தளர்த்த
கால் தானாய்த் தரை வரை இறங்கிற்று.
"விடு."
நாலு சக்கரத்துக்கும் இதே மூன்று சொல்.
இந்த மாதம் நாங்கள் பேசிக்கொண்டதில்
இதுதான் நீளம்.

கடைசிச் சக்கரத்தில் குமிழி ஓயவில்லை.
"அன்னைக்குப் பயந்துட்டேன், இட்சியார்" என்றான்,
டிஸ்க்கிடம் சொல்வதுபோல.
மிதித்த காலை எடுக்காமல்
"தெரியும்" என்றேன்.

இரவு, தொழிற்பேட்டைச் சாலை.
எண்பதிலிருந்து இருபதுக்கு, பத்து முறை.
புது பேடு பழகும்வரை
முழுக்க நிற்கக் கூடாதாம்.
எட்டாவதில் ஒரு பூனை குறுக்கே வர
நின்றேவிட்டோம்,
மூக்கு கண்ணாடியில் இடிக்கும்படி.
பூனை நிதானமாய்ப் போயிற்று.

முதலிலிருந்து எண்ண வேண்டுமோ
என்று கேட்டேன்.