மூச்சை இழுத்துப் பிடியுங்கள்

ஒருரோ நகர மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில்
ஹீட்டர் ஒன்றுதான்.
ஈக்களும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

பௌஸ்தினோ சோக்கே, வயது நாற்பத்தொன்று.
தகரச் சுரங்கம், இருபத்துமூன்று வருடம்.
சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
கழுத்தில் கிடந்த கன்னிமேரிப் பதக்கத்தையும்.
எங்கே வைப்பது என்று தெரியாமல்
உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.
வாங்கி என் பேனாக்களோடு வைத்தேன்.

இந்த உயரத்தில் பிறந்தவர்களுக்கு
நெஞ்சு பீப்பாய். சின்னத் தகடு போதாது.
கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் டாக்டர்கள்
முதல் வாரம் எங்கள் எல்லாரையும் வீக்கம் என்று எழுதுவார்கள்.
இரண்டாம் வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து
அவர்களே மூச்சு வாங்குவார்கள்.

மோவாயைத் தகட்டின் மேல் வையுங்கள்.
கை இரண்டும் இடுப்பில்.
தோளை முன்னால் தள்ளுங்கள். இன்னும். இன்னும்.
முதுகில் கிடக்கும் அந்தச் சிறகெலும்புகள்
நுரையீரல்மேல் நிழல் விழாமல் ஒதுங்க வேண்டும்.
எனக்குச் சம்பளமே இதற்குத்தான்:
சிறகை விலக்கிவிட்டு
நெஞ்சைப் பார்ப்பதற்கு.

மூச்சை இழுங்கள்.
இழுத்தார்.
பிடியுங்கள் என்பதற்குள் இருமல்.
மூன்றாம் தடவைதான் படம் கிடைத்தது.

விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.
நோயாளிக்குக் காட்டக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது.
அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே
என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.
ஒரு ஈயும் வந்தது.
வலப்பக்கம், நாலாம் விலாவுக்கும் ஐந்தாம் விலாவுக்கும் நடுவே
வெளிச்சத்துக்கு உட்கார்ந்தது.

அதற்கும் நெஞ்சு உண்டு.
கல்லூரியில் ஒரு மழைக்காலம் முழுக்க
ஊசியால் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.
மூன்று வளையம், வளையத்துக்கு இரண்டு கால்.
நடு வளையத்தில் சிறகு.
உள்ளே சுவரோடு சுவராகத் தசை.
கூரையைக் கீழே இழுத்தால் சிறகு ஏறும்,
பெட்டியை நீளவாக்கில் நெருக்கினால் இறங்கும்,
சிறகைத் தொட்டு அசைப்பவர் யாருமில்லை.
நுரையீரல் கிடையாது.
இதயம் வயிற்றில் குழாயாகக் கிடக்கிறது.
விலாவில் துளை. காற்று நேரே தசைக்கே போய்விடும்,
நடுவில் கணக்குப்பிள்ளை இல்லாமல்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்
என்று ஈயிடம் கேட்க முடியாது.
இருக்கிற ஆறும் அங்கேதான் முளைத்திருக்கின்றன.

நமக்குத்தான் கூட்டைக் கட்டி,
பன்னிரண்டு சோடிக் கம்பி போட்டு,
இரண்டு பையையும் ஒரு முஷ்டியையும் உள்ளே வைத்துவிட்டு,
கைகளை வெளியே வேலைக்கு அனுப்பியிருக்கிறது.
பௌஸ்தினோவின் கைகள் துளைப்பானைப் பிடித்தன.
துளைப்பான் பாறையைப் பிடித்தது.
பாறை, பொடியாகி,
கம்பிக்கு நடுவே உள்ளே போனது.

"இந்தக் கறுப்பு? இதுவும் என்னுடையதா?"
விரலை நீட்டிக் கேட்டார்.
ஊதினேன். பறந்தது.
அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்,
சிரிப்பு பாதியில் இருமலாகும்வரை.

பிறகு கிட்டே போய்ப் பார்த்தார்.
இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்,
சாக்கு கிழிந்து சிந்திய கீன்வா மாதிரி.
"தோன்யா நியேவெஸ்," என்றார்,
"மற்றதையும் ஊதுங்களேன்."

நான் படிவத்தை எடுத்தேன்.
பெயர், வயது, வருடம்.
எத்தனை சதவீதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்;
அது வியாழக்கிழமை வரும் டாக்டருடையது.
நாற்பதுக்கு மேல் என்றால் ஓய்வூதியம்.
முப்பத்தொன்பது என்றால் திங்கட்கிழமை
திரும்ப உள்ளே.

அவர் போன பிறகுதான்
பேனாக்களுக்கு நடுவே பதக்கத்தைப் பார்த்தேன்.
ஓடினேன்.
படியில் மூன்றாவதிலேயே உட்கார்ந்திருந்தார்,
நெஞ்சில் கை வைத்தபடி.
பேசவில்லை. தலையை மட்டும் குனிந்தார்,
நான் கயிற்றை மாட்டுவதற்காக.

"பஸ் நாலரைக்குத்தான்," என்றார் கொஞ்சம் கழித்து.
"நேரமிருக்கிறது."