மூணு அஞ்சு நோட்டு

ஞாயிறு இரவு எட்டரைக்கு
பிறை மேம்பாலத்துக்குக் கீழே
காசிம் கடையின் கடைசி மேசை.
ஃபேன் காற்று எட்டாது, அதனால் எப்போதும் காலி.

விதி ஒன்றுதான்:
எண்ணைச் சொல், காரணம் சொல்லாதே.
மழை, முழங்கால், நடுவர், முந்தின இரவு ஷிப்ட்
எல்லாம் தே தாரிக் ஆறின பிறகு.

மெங் சூன் ஆரம்பித்தான்.
ஐம்பத்தெட்டு மாடி. பத்தொன்பது நிமிடம் நாற்பத்திரண்டு நொடி.
நூற்று நாற்பது பேரில் அறுபத்தொன்றாவது.
அவன் காவல் நிற்கிற வங்கியில் படிகளே கிடையாது.
உச்சியிலிருந்து பினாங்குக் கடல் தெரிந்ததா என்று கேட்டேன்.
தரைதான் தெரிந்ததாம்,
தன் வியர்வை சொட்டின ஒரே ஒரு சதுரம்.
பிறகு லிப்டில் இறங்கினான், நாற்பத்தைந்து நொடி.
அதையும் எழுதச் சொன்னான்.

எழுதுகிறவள் குணவதி.
மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே
மூணு அஞ்சு நோட்டு, உள்ளங்கை அளவு.
யாருக்கு யார் பாக்கி என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவளுடையது பெத்தாங். இரும்புக் குண்டு
குட்டி மரப்பந்தின் பக்கத்தில் போய் உட்காரவேண்டும்,
அவ்வளவுதான் விளையாட்டு.
பதினொன்றுக்குப் பதிமூன்று. தோல்வி.
கடைசிக் குண்டு ஒரு விரற்கடை தள்ளி,
எதிராளியினுடையது அரை விரற்கடை.
குப்புறப் படுத்து டேப் வைத்தார்களாம்,
கிளினிக்கில் கைக்குழந்தையின் தலையை
அவள் அளக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ரோசிதா கை மல்யுத்தம். இடது கை,
அறுபது கிலோவுக்குக் கீழே. இரண்டாம் இடம்.
கைதட்டினோம்.
தட்டி முடிக்கும்வரை காத்திருந்து
"ரெண்டே பேர்தான்" என்றாள், மலாயில்.
பரிசு சோற்றுக் குக்கர், மூடியில் ஒரு கீறல்.
முதல் பரிசும் அதே குக்கர்,
கீறல் இல்லாமல்.

என் முறை.
நான் நடக்கிறவள். பத்து கிலோமீட்டர்.
பிறை ஆற்றங்கரையில் பயிற்சிக்குப் போனால்
என் இடுப்பைப் பார்த்துப் பையன்கள் வாத்துச் சத்தம் போடுவார்கள்.
போடட்டும்.
ஒரு கால் எப்போதும் மண்ணில் இருக்கவேண்டும்,
மீதி எல்லாம் அப்புறம்.

என்னிடம் எண் இல்லை.
முதலில் மஞ்சள் பலகை காட்டினார்கள்,
அலைபோல ஒரு கோடு வரைந்தது.
இரண்டு காலும் மண்ணை விட்டன என்று அர்த்தம்.
எட்டாவது கிலோமீட்டரில் மூன்றாவது சிவப்பு அட்டை.
மூன்று வேறு ஆட்கள், மூன்று வேறு வளைவுகளில்,
வெறும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.
நெஞ்சில் குத்தியிருந்த எண்ணையும் கழற்றச் சொன்னார்கள்.
கூடாரத்தில் உட்கார்ந்து
ஆரஞ்சுத் துண்டுகளைத் தோலோடு தின்றேன்.

குணவதியின் பேனா அந்தரத்தில் நின்றது.
காரணம் சொல்லக்கூடாது.
எனக்கோ காரணத்தைத் தவிர வேறு முடிவில்லை.

மெங் சூன்தான் கேட்டான்,
"எவ்வளவு நேரம் மேலே இருந்தே?"
கிண்டல் இல்லை. அவனுக்கு எண் வேண்டும்.
ஒரு நொடியை நூறாக்கினால் அதில் நாலு இருக்கலாம்,
ஒவ்வொரு எட்டுக்கும், என்றேன்.
எட்டுக்கு ஒரு மீட்டர்.
எட்டாயிரம் எட்டு.
பில் சீட்டின் முதுகில் பெருக்கினான்,
ரோசிதா இன்னொரு தடவை பெருக்கினாள்.
ஐந்து நிமிடம் இருபது நொடி.

"எல்லா எட்டிலும் இல்லை, களைத்த பிறகுதான்..."
"காரணம்" என்று குணவதி
பேனாவால் என் விரலில் தட்டினாள்.
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
ஓரத்தில் எழுதினாள்.

தே தாரிக் ஆறிவிட்டது. இனி பேசலாம்.
மேலே லோரி போக, தம்ளர்கள் கொஞ்சம் நகர்ந்தன.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கல்லாவில் காசிம்
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்த அஞ்சு இருபது
என்ன சாப்பிட்டது?"